ரசம் போன கண்ணாடியை என்ன செய்யலாம்?

வீட்டுக் கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்து நடுவிலும் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டால் அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்துவிடுவார்கள், ரசம் போன கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்று யாராவது பெரியவர்கள் சொல்வார்கள், அடுத்த பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது அது தெருவுக்குப் போய்விடும். எனக்கு இது பொறுக்காது. பழைய கண்ணாடியின் கனமும், ஓரத்தில் பட்டை தீட்டியிருக்கும் நேர்த்தியும், சுற்றியிருக்கும் தேக்குச் சட்டமும் இன்று காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது.

நான் இருப்பது தூத்துக்குடி. காற்றிலும் உப்பு, போர் தண்ணீரிலும் உப்பு. கண்ணாடி சீக்கிரம் கெட்டுப்போவதற்கு இதைவிட வசதியான ஊர் வேண்டாம். அதனால் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி, அம்மாவின் இரும்பு பீரோ கண்ணாடி, ஆச்சியின் நிலைக்கண்ணாடி, சொந்தக்காரர்கள் "நீதான் இதையெல்லாம் வச்சிக்குவியே" என்று கொண்டுவந்து தள்ளியவை என்று வருஷக்கணக்காக இந்த வேலை செய்துகொண்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கறை கண்ணாடியின் முன்பக்கம் இருக்கிறதா, பின்பக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்காமல் எதையும் கையில் எடுக்காதீர்கள். பாதிப் பேர் பின்பக்கம் போன ரசத்துக்கு முன்பக்கம் நின்று மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பென்சில் நுனியைக் கறையின் மேல் வையுங்கள். நுனி நேரே கறையைத் தொட்டால் அது முன்பக்கக் கறை. நுனிக்கும் கறைக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அது பின்னால் இருக்கிறது. சாய்வாக நின்று பார்த்தாலும் தெரியும்: முன்பக்கக் கறை என்றால் கறையும் அதன் பிம்பமும் என்று இரண்டாகத் தெரியும், பின்பக்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

முன்பக்கம் என்றால் சந்தோஷப்படுங்கள், அநேகமாகச் சரியாகிவிடும். குளியலறைக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. தண்ணீர் காய்ந்துபோக இது மட்டும் தங்கிவிடுகிறது. சோப்புக்கு இது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அல்லது எலுமிச்சைச் சாற்றில், மெல்லிய துணியை நனைத்துக் கறையின் மேல் படுக்க வைத்து பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். முடிந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் படுக்க வைத்துச் செய்யுங்கள். துணியைப் பிழிந்து போடுங்கள், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளியே வையுங்கள். புளிப்புத் தண்ணீர் வழிந்து ஓரத்துக்குப் போய் பின்னால் ஏறினால் இருக்கிற ரசமும் போய்விடும். கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே ஓரம் கறுக்கும்.

சில கண்ணாடியில் வினிகருக்கும் அசையாத மங்கல் இருக்கும். பல வருஷம் தண்ணீர் காய்ந்து காய்ந்து கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போனது அது. அதற்கு சீரியம் ஆக்சைடு என்று ஒரு பாலிஷ் பவுடர் இருக்கிறது, கண்ணாடி வேலை செய்கிறவர்கள் பயன்படுத்துவது, ஆன்லைனிலும் கிடைக்கும். தண்ணீரில் குழைத்துக் கம்பளித் துணியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் மங்கலும் மெல்லிய கீறலும் குறையும். நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற அளவுக்குக் கீறல் ஆழமாக இருந்தால் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

அப்புறம் பொட்டு. பீரோ கண்ணாடியின் வலது ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டும் அதன் பசையும் இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டுவதைவிடத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டுப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பசை ஊறி, துணியால் துடைத்தாலே உருண்டு வரும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு போதும் எண்ணெய்ப் பிசுக்குக்கு. வருஷக்கணக்கான பசைக்கு பிளேடு தேவைப்படலாம், அப்போது கண்ணாடி ஈரமாக இருக்க வேண்டும், பிளேடு நன்றாகப் படிந்த சாய்வில் இருக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியில் பிளேடு ஓட்டினால் கோடு விழும்.

ஆச்சி திருநீறு தொட்டுத்தான் கண்ணாடி துடைப்பார். நல்ல சாம்பல் மிக நுண்ணிய பாலிஷ் பொடிதான், எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், அதில் தப்பில்லை. மணல் துகள் இருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எதைக் கொண்டு துடைத்தாலும் திரவத்தைக் கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக அடித்தால் அது வழிந்து கீழ் ஓரத்தில் போய்த் தங்கும். பல வீடுகளில் கண்ணாடியின் கீழ் ஓரம் முதலில் கறுப்பதற்கு இதுதான் காரணம்.

இனி பின்பக்கம். இதுதான் பெரிய கதை.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராத வெள்ளிப் படலம். அதைக் காப்பாற்றப் பெரும்பாலும் மேலே செம்புப் படலம், அதற்கும் மேலே பெயிண்ட். மலிவானவற்றில் வெள்ளிக்குப் பதில் அலுமினியம் இருக்கும். பெயிண்ட் எங்காவது விட்டுப்போனால், குறிப்பாக வெட்டிய ஓரத்தில், ஈரமும் உப்பும் உள்ளே நுழைந்து வெள்ளி கறுக்கிறது. ஒரு தடவை கறுத்துவிட்டால் எதைத் தடவியும் வெளுக்க வைக்க முடியாது. பின்னால் அலுமினியத் தாள் ஒட்டினால் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஒட்டிப் பார்த்தால் அந்த இடம் சுருக்கம் சுருக்கமாக, வேறு நிறத்தில், முன்னைவிட எடுப்பாகத் தெரியும். வெள்ளியைத் திரும்பப் பூசுவது முடியாத காரியமில்லை. 1835-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்த முறைதான், பிளஸ் டூ ஆய்வகத்தில் சோதனைக்குழாயின் உட்சுவரில் வெள்ளி படிய வைத்துக் காட்டுவார்களே, அதே வினை. ஆனால் அந்த அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மீதம் வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உண்டாகும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது பரவாமல் நிறுத்துவது. கண்ணாடியைக் கழற்றி, நிழலில் நன்றாகக் காய வைத்து, உரிந்து நிற்கும் பெயிண்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஓரம் முழுக்கவும் உரிந்த இடத்திலும் ஆயில் எனாமல் பெயிண்ட் ஒரு கோட் கொடுங்கள். சின்னப் புள்ளி என்றால் நிறமில்லாத நகப்பூச்சே போதும். சிலிக்கான் வைத்துச் சுவரில் ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தின்றுவிடும், கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். முழுக்க ஒட்டாமல் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வைத்தால் பின்னால் காற்று போகும். தொங்கவிடுவதாக இருந்தால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டிவிடுங்கள், சுவரின் ஈரம் நேராகக் கண்ணாடியில் ஏறாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஏற்கெனவே கறுத்தது கறுத்ததுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

ஓரம் மட்டும் கறுத்திருந்தால் வெட்டிவிடலாம். பீரோ கண்ணாடியில் சுற்றிலும் இரண்டு அங்குலம் போய்விட்டது, நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனபோது, "பழைய கண்ணாடிம்மா, கட்டர் போட்டா எங்க வேணாலும் ஓடும், அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். நியாயமான பேச்சு. வெட்டியபின் ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லி, அன்றைக்கே வெட்டிய ஓரத்தில் எனாமல் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் புது ஓரத்திலிருந்து மறுபடி கறுப்பு கிளம்பும். அந்த ஒரு கண்ணாடி இப்போது வாசலுக்கு ஒன்று, அகலச் சட்டம் போட்டுப் படுக்கையறைக்கு ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. பட்டை தீட்டிய கண்ணாடியை மட்டும் வெட்டக் கொடுக்காதீர்கள், அதன் அழகே ஓரத்தில்தான்.

வெட்ட மனமில்லை என்றால் கறுப்பை மறைக்கிற அகலத்துக்கு மரச் சட்டம். ஆசாரியிடம் பழைய ரீப்பர் துண்டுகள் கிடைக்கும், பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் சன்னல் சட்டங்கள் இன்னும் நல்லது. 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220, 320 என்று போய், மெழுகோ ஸ்பிரிட் பாலிஷோ கொடுத்தால் போதும். ஒரு நுணுக்கம்: சட்டத்தின் உள்விளிம்பு, அதாவது கண்ணாடியைத் தொடும் இடம், அதற்குக் கறுப்போ அடர்பழுப்போ அடித்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். அந்த விளிம்பின் பின்புறம் கண்ணாடியில் பிரதிபலிக்கும், நிறம் அடிக்காமல் வெறும் மரமாக விட்டால் சுற்றிலும் வெளிறிய கோடு ஒன்று தெரிந்துகொண்டே இருக்கும்.

நடுவில் புள்ளி விழுந்தவற்றுக்கு வரைவதுதான் வழி. ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய் போக்கிவிட்டு அக்ரிலிக் மார்க்கரோ கண்ணாடிப் பெயிண்டோ கொண்டு புள்ளிகளை ஒட்டியே கொடி, இலை, சிக்குக் கோலம் என்று கொண்டுபோகலாம். கோலம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது, புள்ளி ஏற்கெனவே விழுந்திருக்கிறதே. நாம் வரையும் கோடு முன்பக்கம் இருக்கும், அதன் பிம்பம் பின்னால் வெள்ளியில் விழும், ஆகவே ஒவ்வொரு கோடும் ஒரு நிழலோடு தெரியும். மெல்லிய கோடாக இழுத்தால் இரட்டைக் கோடு போலக் கலங்கலாக இருக்கும். தடித்த கோடாகப் போட்டால் அந்த நிழலே ஒரு ஆழத்தைக் கொடுக்கும். முகம் பார்க்கும் உயரத்தை விட்டுவிட்டு, கீழேயும் ஒரு மூலையிலும் வரைந்தால் கண்ணாடியின் வேலையும் கெடாது.

ஆச்சியின் நிலைக்கண்ணாடிக்கு நான் செய்தது வேறு. தாத்தா கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் வந்தது அது, பர்மா தேக்குச் சட்டம், மேலே செதுக்கிய கொடி. கீழ் மூன்றில் ஒரு பங்கு ரசம் முற்றாகப் போய்விட்டது, மேலே முகமும் மார்பும் தெரிகிற அளவுக்கு நன்றாகவே இருந்தது. சித்திரைக் கனிக்கு ஒவ்வொரு வருஷமும் பழங்களுக்குப் பின்னால் நிற்பது இந்தக் கண்ணாடிதான், ஆகவே வீட்டில் யாரும் அதை விடத் தயாரில்லை. கீழே போன பகுதியில் பின்பக்கப் பெயிண்டையும் மிச்ச ரசத்தையும் முழுக்க எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியாக்கி, அதற்குப் பின்னால் ஆச்சியின் பழைய சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையில் ஒரு துண்டை இழுத்துக் கட்டி அட்டை வைத்து மூடிவிட்டேன். இப்போது மேலே கண்ணாடி, கீழே அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

செய்கிறவர்களுக்கு: எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்ட் ரிமூவரை பிரஷ்ஷால் தடவிவிட்டுக் காத்திருந்தால் பெயிண்ட் பொரிந்து எழும், பிளாஸ்டிக் தகட்டால் வழிக்கலாம், மிச்ச வெள்ளி ஈரத்துணியிலேயே வந்துவிடும். நான் கோட்டை நேராக வெட்டாமல் சேலைக் கரை போல அலை அலையாக வெட்டினேன், கண்ணாடி முடிகிற இடம் உறுத்தாமல் துணிக்குள் போய்விடுகிறது. இந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், கையுறையும் முகமூடியும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. பழைய கண்ணாடிப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும், அதனால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவே கூடாது. துணி மங்காமல் இருக்க வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. நூறு வருஷத்துக்கு முந்தைய கண்ணாடிகளில் வெள்ளிக்குப் பதிலாக வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு இருக்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் காரைக்குடி பழம்பொருள் கடைகளிலிருந்தும் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். வெள்ளைத் தாளைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால், வெள்ளிக் கண்ணாடியில் பிம்பம் சற்று மஞ்சளாகத் தெரியும், பாதரசக் கண்ணாடியில் சாம்பல் நீலமாகத் தெரியும். கெட்டுப்போன இடமும் கறுப்பாக இல்லாமல் மினுமினுக்கும் பொடிப் படிகங்களாக இருக்கும், கீழ்ச் சட்டத்தில் பாதரச முத்து தங்கியிருக்கவும் கூடும். அப்படிப்பட்டதைப் பிரிக்காதீர்கள், சுரண்டாதீர்கள், சூடு படுத்தாதீர்கள், நிமிர்த்திய நிலையிலேயே வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.

முகம் பார்க்கவே லாயக்கில்லாதவை என்று ஒரு கூட்டம் மிஞ்சும். அவற்றுக்கு நவராத்திரிதான். கொலுவுக்கு முன்னால் கண்ணாடியைப் படுக்க வைத்துச் சுற்றிலும் மணல் கொட்டித் தெப்பக்குளம் செய்கிற வழக்கம் எங்கும் உண்டு. அதற்குப் புதுக் கண்ணாடியை வைத்தால் கண்ணாடி என்று தெரிந்துவிடும். கறுத்துப் புள்ளி விழுந்த கண்ணாடி பாசி படிந்த குளம் போலவே இருக்கும். ஓரத்து ஒழுங்கின்மையை மணல் மறைத்துவிடும், உடைந்த துண்டுகூடப் போதும். கொலு முடிந்ததும் மணலைத் துணியால் துடைக்காமல் தண்ணீரில் கழுவிவிட்டுக் காய வையுங்கள், மணல் கீறிவிடும். கார்த்திகைக்கு அகல் விளக்குகளின் கீழேயும் வைக்கலாம், விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பித்தளைத் தட்டோ வாழையிலையோ இருக்கட்டும், சூட்டில் கண்ணாடி விரிசல் விடும்.

தோட்டத்தில் தொங்கவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சிட்டுக்குருவியும் தவிட்டுக்குருவியும் தன் பிம்பத்தை இன்னொரு பறவை என்று நினைத்து அலகு வலிக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், கூடு கட்டும் காலத்தில் பார்க்கவே பாவமாக இருக்கும். வெயிலைத் திருப்பிக் காய்ந்த ஓலை மேல் விழ வைப்பதும் நல்லதில்லை. வீட்டுக்குள்ளேயே இருட்டான நடையில், சன்னலுக்கு எதிராக வையுங்கள். புள்ளி விழுந்த கண்ணாடியும் வெளிச்சத்தைத் திருப்பத்தான் செய்யும்.

மாட்டும்போது எடையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும், இரண்டரை கிலோ. மூன்றுக்கு இரண்டடி, 4 மி.மீ. என்றால் கண்ணாடி மட்டும் ஐந்தரை கிலோ, தேக்குச் சட்டம் தனி. ஒற்றை ஆணியை நம்பாமல் டிரில் போட்டுப் பிளக் வைத்து இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுங்கள். பின்பக்கம் முழுக்க ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிட்டால், எப்போதாவது விழுந்து உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் அதிலேயே நிற்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விடவே கூடாது.

எதற்குமே ஆகாத துண்டுகளைக் குப்பையில் போடும்போது பாட்டில் கண்ணாடியோடு சேர்க்காதீர்கள், பின்பூச்சு இருப்பதால் அதோடு சேர்த்து உருக்க மாட்டார்கள். பழைய துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, காலையில் வண்டி வரும்போது தூய்மைப் பணியாளர் கையிலேயே கொடுத்துச் சொல்லிவிடுங்கள். பலர் கையுறை இல்லாமல்தான் அள்ளுகிறார்கள்.